சந்தும் சட்டமும்

வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டான் என்பதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்கள் நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடித் தாராவிக்கு வந்த என் தாத்தா, "நிலமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்றுதான் பம்பாய்க்கு ரயில் ஏறினேன்" என்று சொல்வாராம். அவர் பேரனாகிய நான் இன்று முலுண்டில், ஐந்தடி அகலமுள்ள ஒரு சந்துக்காக ஓராண்டாகப் பத்திரமும் வரைபடமும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பௌதிகம் படிக்கிறவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதியவை கட்டுகின்ற காலம் இது. நம்மில் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு இன்றோ நாளையோ எழும். ஆகவே தட்டுத்தடுமாறி நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி, 24 குடித்தனம். 1978-இல் கட்டியது. இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு தட்டுத் தட்டாக விழுகிறது. இடித்துக் கட்டுவது என்று சொசைட்டியில் முடிவாகிவிட்டது. எங்கள் மனையின் மேற்கு எல்லை நெடுக, 100 அடி நீளத்துக்கு, அந்த ஐந்தடிச் சந்து கிடக்கிறது. அதன் நடுவே ஒரு பழைய சாக்கடைக் கால்வாய். மற்றபடி உடைந்த பூந்தொட்டிகளும் புல்லும்தான். சந்துக்கு அப்பால் அடுத்த சொசைட்டியின் சுவர். அந்தச் சுவரும் நேராக இல்லை. ஓரிடத்தில் எங்கள் பக்கம் புடைத்தும், இன்னோரிடத்தில் அவர்கள் பக்கம் ஒதுங்கியும் நிற்கிறது.

"பயன்படாத சந்தை மூடி, எல்லையை நேராக்கிவிட்டால் தீயணைப்பு வண்டி திரும்ப இடம் கிடைக்கும், கட்டடமும் கொஞ்சம் அகலமாகும்" என்றார் வரைபடம் போட்டவர். கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். 500 சதுர அடியை 24 குடும்பத்துக்கும் பங்கிட்டால் தலைக்கு 21 சதுர அடிகூட வராது. ஆனால் 310 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருக்கிற எங்களுக்கு அது சிறிதன்று. "அரிசி மூட்டை வைக்கவாவது இடம் கிடைக்குமே" என்றார் அப்பா. நானும் கை தூக்கினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

அந்தச் சந்து எப்படி வந்தது? முலுண்ட் தானாக முளைத்த ஊர் அன்று. 1922-இல் கிரவுன் அண்டு கார்ட்டர் என்னும் கட்டடக்கலை நிறுவனத்தார் திட்டமிட்டுக் கொடுத்த ஊர் அது. ரயில் நிலையத்திலிருந்து பாஞ்ச் ரஸ்தா வரையில் தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடுவதை இன்றும் காணலாம். அப்போது அது பம்பாய் நகராட்சிக்குள் இல்லை. 1957-இல்தான் பெருநகர எல்லைக்குள் சேர்ந்தது. அந்நாள் மனைகளுக்குப் பாதாளச் சாக்கடை ஏது? கக்கூசு வீட்டுப் பின்புறத்தில். அதைச் சுத்தம் செய்ய வருகிறவர் முன்வாசல் வழியே வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். ஆகவே பின்னால் ஒரு தனி வழி.

பழைய பம்பாய் நகரத்தில் இதற்கு 'ஹவுஸ் கல்லி' என்று பெயர். 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டமே இச்சொல்லுக்கு இலக்கணம் கூறுகிறது: கழிவுநீர் ஓடவோ, கக்கூசைத் துப்புரவு செய்கிறவர் போய்வரவோ ஒதுக்கப்பட்ட நிலத்துண்டு என்பது அதன் கருத்து. அந்தப் பணிக்காக வீட்டுக்காரரிடம் வாங்கிய வரிக்கு 'ஹலால்கோர் வரி' என்றே பெயர். பெங்களூரின் மல்லேசுவரத்திலும் இதே காரணத்துக்காக வீட்டு வரிசைகளுக்கு நடுவே பின்சந்துகள் விடப்பட்டன. ஊர் வேறு, சந்து ஒன்றே.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி பழைய கட்டடம் நின்ற காலத்திலிருந்தே இங்கே இருப்பவர். சந்தைப் பற்றிக் கேட்டேன். "விடியுமுன்னே கூடையும் தகரமுமா ஒரு ஆள் வருவாம்ப்பா. அவன் வாற நேரம் நாங்க கதவைச் சாத்திக்கிடுவோம். பேரு கூட கேட்டதில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, "கேட்டிருக்கலாம்" என்றார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993-இலும், மேலும் கடுமையாக 2013-இலும் சட்டங்கள் வந்தன. எங்கள் இடத்தில் அதற்கு முன்பே, 1978-இல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறை கட்டிக் குழாயை முன்தெருச் சாக்கடையில் சேர்த்தபோது, அந்த நடைக்கு வேலை அற்றுப்போயிற்று.

நிற்க. வேலை அற்றுப்போனால் உரிமையும் அற்றுப்போகுமா? இங்கேதான் சட்டம் நுழைகிறது.

1954-ஆம் ஆண்டுப் பத்திரத்தின்படி சந்து எங்கள் மனைக்குள் அடங்கியது. ஆனால் அதில் ஒரு வாசகம்: மேற்கு எல்லையில் ஐந்தடி அகலம், இரு மனைகளின் பொதுக் கால்வாய்க்கும் துப்புரவாளர் நடைக்கும் விடப்பட வேண்டும். நிலம் நமது, அதன்மீது அண்டை மனைக்கு ஒரு குறிப்பிட்ட பயன். ஆங்கிலத்தில் ஈஸ்மெண்ட் என்பர். தமிழ்ச் சட்டநூலார் வசதியுரிமை என்பர். நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்', 'தண்ணீர் போகும் பாத்தியம்', 'மாமூல் வண்டிப் பாதை' என்றெல்லாம் வருமே, அந்த இனம். அஃது ஆளுக்கு உரியதன்று, மனைக்கு உரியது. ஆள் மாறினாலும், வீடு கைமாறினாலும் மனையோடு ஒட்டிக்கொண்டே போகும்.

இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இல் பிறந்தது. முதலில் அது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு இவற்றுக்கு மட்டுமே. பம்பாய்க்கு வந்தது 1891-இல். நாம் பம்பாய்க்கு வந்தது போலவே இந்தச் சட்டமும் சென்னைப் பக்கம் இருந்துவிட்டு வந்ததுதான் என்று எண்ணியபோது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி!

அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவுதான் எங்கள் சந்துக்கு உயிர்நாடி. 20 ஆண்டுகள் இடைவிடாமல் அனுபவிக்கப்படாத வசதியுரிமை அழிந்துபோகும் என்பது அதன் சாரம். உரியவனுக்கு அப்படியோர் உரிமை இருப்பதே தெரியாது என்றாலும் அழிவு அழிவுதான். "அப்படியானால் 1978-உடன் 20 கூட்டினால் 1998, உரிமை செத்து எத்தனையோ ஆண்டாயிற்று, மூடு சந்தை!" என்று எங்கள் செக்ரட்டரி மேசையைத் தட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வசதியுரிமை இரு வகை. மனிதன் ஒவ்வொரு முறையும் ஏதேனும் செய்தால்தான் அனுபவிக்க முடியும் என்பது ஒரு வகை. நடைவழி அதற்கு எடுத்துக்காட்டு. யாரும் கால் வைக்காவிட்டால் அந்த உரிமை அன்று அனுபவிக்கப்படவில்லை. மற்றொன்று, மனிதன் கை அசைக்காமலே தானாகத் தொடர்ந்து நடப்பது. சன்னலில் விழும் வெளிச்சமும் கால்வாயில் ஓடும் நீரும் இவ்வகை. முதல் வகைக்கு 20 ஆண்டுக் கணக்கு, கடைசியாக அனுபவித்த நாளிலிருந்து தொடங்கும். இரண்டாம் வகைக்கோ, இடங்கொடுத்தவன் அதைத் தடுத்த நாளிலிருந்துதான், அல்லது பயன்பெறுகிறவன் தானே அதை முடியாமற் செய்துகொண்ட நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

எங்கள் சந்தில் இரண்டும் இருந்தன! துப்புரவாளர் நடை முதல் வகை. அது செத்தது உண்மை. (சாகாமல் காக்கவும் ஒரு வழி இருந்தது: அந்த 20 ஆண்டுக்குள், உரிமையை வைத்துக்கொள்ள எண்ணுகிறேன் என்று ஓர் உறுதிமொழியைப் பதிவு செய்திருந்தால், பதிவு நாளிலிருந்து மேலும் 20 ஆண்டு அது வாழ்ந்திருக்கும். அடுத்த சொசைட்டியார் அப்படி ஏதும் செய்யவில்லை.) ஆனால் கால்வாய்? அதை யாரும் தடுக்கவில்லை. எட்டு மாதம் காய்ந்து கிடக்கிறது என்பதால் அது பயனற்றதாகிவிடுமா? அவர்கள் சுவரின் அடியில் மூன்று துளைகள் எங்கள் சந்தை நோக்கித் திறந்திருப்பதை அன்று மாலை போய்ப் பார்த்தேன்.

சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீர் என்ன சொல்கிறது என்று பார்ப்பது என் தொழில். முலுண்டின் மேற்கே மலைக்காடு, கிழக்கே தாணாக் கழிமுகம். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அண்டை மனை எங்களுக்கு மேற்கே, மேட்டில் இருக்கிறது. ஜூலையில் ஒரு நாள் பேய்மழை. குடையை எறிந்துவிட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினேன். மாடியிலிருந்து அம்மா திட்டியதை இங்கே எழுத இயலாது.

கால்வாயின் அகலம் 40 சென்டிமீட்டர். நீரின் ஆழம் 12 சென்டிமீட்டர். பழத்தை மிதக்க விட்டேன். 10 மீட்டரை 20 வினாடியில் கடந்தது. மேல்மட்ட வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அடியிலும் ஓரத்திலும் நீர் உராய்ந்து மெதுவாகச் செல்லுமாகையால், சராசரி வேகத்தை அதில் 0.85 பங்காகக் கொள்வது வழக்கம். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 20 லிட்டர். ஒரு மணிக்கு 72,000 லிட்டர். அதாவது பத்தாயிரம் லிட்டர் டாங்கர் லாரி ஏழு. இன்னொரு வழியாகவும் சரிபார்த்தேன். அண்டை மனையின் பரப்பு சுமார் 1,500 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை அதன்மேல் விழுந்தால் 75,000 லிட்டர். அன்றைய மழை அந்த அளவை ஒட்டியதாகவே இருந்திருக்க வேண்டும்.

50 மில்லிமீட்டர் என்பதை நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. மும்பையின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கவே கட்டப்பட்டவை. அதை 50 ஆக்க வேண்டும் என்று 1993-இல் பிரிம்ஸ்டோவாட் அறிக்கை கூறியது. 2005 ஜூலை 26-ஐ நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள்: சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அன்று எத்தனை நாலாக்கள் எத்தனை சுவர்களால் குறுக்கப்பட்டிருந்தன என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

சந்தை மூடிவிட்டால் அந்த ஏழு லாரித் தண்ணீர் எங்கே போகும்? முதலில் அண்டை சொசைட்டியின் கீழ்த்தளத்தில் தேங்கும். பிறகு சுவரைச் சாய்த்துக்கொண்டு எங்களிடமே வரும். போதாக்குறைக்கு, மேட்டு நிலத்தில் விழுந்து கால்வாய் இன்றிப் பரவலாக ஓடும் நீரைத் தாழ்ந்த நிலத்தான் ஏற்றே ஆகவேண்டும் என்பதை, வசதியுரிமையாகக்கூட அன்று, இயற்கை உரிமையாகவே 7-ஆம் பிரிவு சொல்லி வைத்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த கைதட்டல் கிடைக்கவில்லை. "படித்த பையன், கட்டட வேலையை ஓராண்டு தள்ளிப் போடப் பார்க்கிறான்" என்றார் ஒருவர். வாடகை வீடு பேசி முன்பணம் கொடுத்துவிட்ட குடும்பங்கள் இரண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின், "அந்த அரிசி மூட்டை போச்சு, அப்படித்தானே?" என்று மட்டும் கேட்டார். "அதை வேறு இடத்தில் வைக்கலாம் அப்பா" என்றேன்.

உண்மையில் போகவேண்டியதில்லை. உரிமையை அழிக்காமலே அதன் உருவத்தை மாற்றலாம். இரு தரப்பும் உடன்பட்டால் போதும். எங்கள் வழக்கறிஞர் எழுதிய நகலின்படி, நடைவழி உரிமையை அண்டை சொசைட்டியார் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுப்பார்கள். காலத்தால் அழிந்த உரிமைக்குப் பத்திரம் எதற்கு என்று கேட்கலாம். காலம் கடந்துவிட்டது என்பதை யாராவது மறுத்தால் நீதிமன்றத்தில் சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டும்; பாட்டியைக் கூண்டில் ஏற்றுவதைவிடப் பத்திரம் மலிவு. நீர் உரிமையோ அப்படியே நிற்கும். திறந்த கால்வாய்க்குப் பதில் நிலத்தடிக் குழாய் வழியே. குழாயைத் துப்புரவு செய்ய உள்ளே வருவதும் அந்த நீர் உரிமையின் துணை உரிமையே. ஆகையால் மூன்று மூடித்தொட்டிகள் அமைத்து, அவற்றின்மேல் எதையும் கட்டுவதில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். வண்டி திரும்பலாம், கட்டடம் ஏறக்கூடாது.

குழாயின் அளவில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். பில்டரின் படத்தில் ஆறு அங்குலக் குழாய். நூறடிக்கு ஓரடி சரிவில் அது நிரம்பி ஓடினால் வினாடிக்குச் சுமார் 15 லிட்டர். எலுமிச்சம்பழம் சொன்னதோ 20. பன்னிரண்டு அங்குலமானால் 95 லிட்டருக்கு மேல் போகும். விட்டம் இருமடங்கானால் கொள்ளளவு இருமடங்கு அன்று, ஆறு மடங்குக்கும் மேல் என்பது மானிங் சூத்திரம் படித்த எவருக்கும் தெரியும். விலை வேறுபாடு மொத்தச் செலவில் ஒரு தூசி. ஒப்புக்கொண்டார்கள்.

நாம் இருவர் உடன்பட்டதால் மாநகராட்சி கட்டுப்படாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மழைநீர்த் துறையும் கழிவுநீர்த் துறையும் தத்தம் 'ரிமார்க்ஸ்' தந்த பிறகே வரைபடம் நகரும். அது கிடைத்துவிட்டது.

இனி எல்லை. சுவர்தான் எல்லை என்று எண்ணுவது நம் முதல் தவறு. சுவர் என்பது எவரோ ஒரு கொத்தனாரின் கருத்து. எல்லை இருப்பது சிட்டி சர்வே வரைபடத்தில். ஆனால் அந்த வரைபடமும் வானிலிருந்து இறங்கியதன்று. 1:500 அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் தடித்த கோடு, தரையில் 25 சென்டிமீட்டர்; ஏறக்குறைய ஒரு முழத்தில் பாதி! கோட்டின் இந்த விளிம்பா அந்த விளிம்பா என்று இரண்டு சொசைட்டிகள் சண்டையிட அதுவே போதும். பழைய அளவுகளில் இன்னொரு சிக்கல். நமக்கு ஊரில் சென்ட்டும் கிரவுண்டும், இங்கே குண்டா. 33 அடிச் சங்கிலியால் அளந்த நாட்டில், ஒரு சங்கிலிச் சதுரமாகிய 1,089 சதுர அடி ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். எங்கள் பத்திரம் அடியிலும், பிராப்பர்ட்டி கார்டு சதுர மீட்டரிலும் பேசுகின்றன. மாற்றிப் பார்த்ததில் 11 சதுர அடி எங்கேயோ காணாமற்போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

மோஜணிக்கு மனுப் போட்டோம். அளவையாளர் செயற்கைக்கோள் கருவியோடு வந்து இரண்டு மணி நேரத்தில் முடித்தார். முடிவு விந்தையானது: அவர்கள் சுவர் 15 அடி நீளத்துக்கு எங்கள் நிலத்தில் இரண்டடி புகுந்திருக்கிறது, வேறோரிடத்தில் 20 அடி நீளத்துக்கு நாங்கள் அவர்கள் நிலத்தில் ஒன்றரை அடி அனுபவித்து வருகிறோம். இரண்டும் 30 சதுர அடி! 12 ஆண்டு பகிரங்கமாக, எதிரிடையாக அனுபவித்தால் உரிமையே மாறும் என்று காலவரையறைச் சட்டத்தைக் காட்டி இரு தரப்பும் வழக்காடலாம். நம் பேரன்மார் தீர்ப்பைக் கேட்பார்கள். அதைவிடப் பரிவர்த்தனைப் பத்திரம் நல்லது. இரண்டு துண்டுகளில் மதிப்பு மிகுந்ததற்கு முத்திரைக் கட்டணம் கட்டி, பதிவு செய்து, மாநகராட்சி ஒப்புதலோடு சிட்டி சர்வே அலுவலகத்தில் புதிய அளவை ஏற்றினால் கோடு நேராகும்.

இத்தனையும் ஆன பிறகு வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டார்: "நிலம் சொசைட்டியின் பெயரில் இருக்கிறதா?" இல்லை. 1978-இல் கட்டியவர் நிலத்தை எழுதிக் கொடுக்காமலே போய்விட்டார். பிராப்பர்ட்டி கார்டில் இன்னும் பழைய உரிமையாளர் பெயர். தன்னுடையதல்லாத நிலத்தை எப்படிப் பரிவர்த்தனை செய்வது? மும்பையில் பல சொசைட்டிகளின் நிலை இதுதான். 1963-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர அடுக்ககச் சட்டத்தில் 2008-இல் செய்த திருத்தம் இதற்கு வழி தருகிறது: கட்டியவர் எழுதித் தராவிட்டால், கூட்டுறவுச் சங்கங்களின் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் மனுச் செய்து, எழுதித் தந்ததாகவே கருதும் ஆணையைப் பெறலாம். நண்பர்களே, உங்கள் கட்டடத்தில் இடிக்கும் பேச்சு வருமுன்பே இந்த ஒரு தாளைத் தேடிப் பாருங்கள். நாங்கள் கடைசியில் தேடியதை நீங்கள் முதலில் தேடினால் ஓராண்டு மிச்சம்.

எங்கள் மனு விசாரணையில் இருக்கிறது. பத்திர நகல்கள் இரண்டும் வழக்கறிஞர் பையில் காத்திருக்கின்றன. சந்தில் புல் முழங்காலளவு வளர்ந்துவிட்டது. சுவரின் மூன்று துளைகளையும் அது மறைத்துவிட்டதால், சந்து பயனற்றது என்று மறுபடியும் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மழைக்கு முன் ஆணை வந்தால் குழாய் பதிக்கலாம். வராவிட்டால், எலுமிச்சம்பழத்துக்கு இன்னொரு நாள் வேலை இருக்கிறது.